வேலி தாண்டிய பை

சண்முகப்பிரியாவுக்கு அன்று விடிந்ததிலிருந்தே பயமாக இருந்தது. அப்போதைக்கு அது சின்னப் பயம்தான், கண்ணுகளா. கூப்பிட்டவர்கள் வருவார்களா, வந்தவர்கள் இடத்தைப் பார்த்துச் சிரிப்பார்களா, மழை வந்து களத்தை நனைத்துவிடுமா என்கிற மாதிரிப் பயம். பெரிய பயம் மத்தியானம்தான் வந்தது. வந்ததும்கூட உள்ளே வரவில்லை, கேட்டுக்கு வெளியே ரோட்டில் நின்றுகொண்டு கூப்பிட்டது.

ஃபுட்பேக் என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்குகிற துணிப்பை. உள்ளே ஏதாவது துகளைப் போட்டு இறுக்கித் தைத்திருப்பார்கள். நாலைந்து பேர் வட்டமாக நின்று, காலாலும் முழங்காலாலும் தட்டித் தட்டி அதை மேலேயே வைத்திருக்க வேண்டும். கை படக் கூடாது, கீழே விழக் கூடாது. திருச்செங்கோட்டில் இன்ஜினியரிங் படித்தபோது ஹாஸ்டல் மொட்டைமாடியில் பிரியா பழகிய ஆட்டம் அது. படிப்பு முடிந்து தீவன மில்லில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் கால் அதை மறக்கவில்லை. சேலம், மேட்டூர், ஆத்தூர் என்று அங்கொருவர் இங்கொருவராக ஆடிக்கொண்டிருந்தவர்களை ஃபோனிலேயே தேடிப் பிடித்தாள். எல்லாரையும் ஒரு நாள் ஒரே இடத்தில் ஆட வைத்துப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

ஹால் தருகிறேன் என்று சொன்ன பள்ளிக்கூடம் கடைசி வாரத்தில் கையை விரித்துவிட்டது. அப்போதுதான் வீட்டு மக்காச்சோளக் களம் கண்ணில் பட்டது. வழவழவென்று சிமெண்ட் போட்ட பெரிய களம். சோளம் காயாத நாளில் சும்மாதான் கிடந்தது. ஆனால் களத்தை ஒட்டிக் கம்பி வேலி, அதில் ஒரு உள்கேட்டு. வேலிக்கு அந்தப் பக்கம் அப்பா சின்னுசாமியின் முட்டைக் கோழிக் கொட்டகைகள்.

அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் பண்ணைக்குள் இன்னொருவர் கால் வைக்கமாட்டார். சம்பந்தியே வந்தாலும் கேட்டோடு சரி. சீக்கு என்பது மனிதர் காலில் ஒட்டிக்கொண்டு வருகிறது என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் சின்னுசாமியிடம் கேட்கப் போகும்போது பிரியா தயங்கித் தயங்கித்தான் போனாள். அவர் வேலியைக் காட்டிச் சொன்னார்:

"களத்துல ஆடுங்க அம்மிணி, வேண்டாங்கல. ஆனா உள்கேட்டுக்கு அந்தாண்ட ஒரு காலு போகப்படாது. வாரவங்க அத்தனை பேரும் வெளிகேட்டுல தொட்டி மருந்துத் தண்ணியில காலை நனைச்சுப்போட்டுத்தான் உள்ள வரோணும்."

"செரிங்ப்பா."

அம்மா சௌந்திரம் அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "ஒரு கல்யாணத்துக்குப் பந்தல் போடலாமுன்னா ஒத்துக்கமாட்டேங்கறா. பைய உதைக்கறதுக்குப் பந்தல் போடறா. ஏனுங், நீங்களும் தலையாட்டறீங்க."

பைகளைத் தைத்து அனுப்பியது ஜீவா. பரமத்திப் பக்கம் அவன் வீடு. அவர்களும் கோழிப் பண்ணைக்காரர்கள்தான். பிரியாவோடு படித்தவன், மொட்டைமாடி வட்டத்தில் அவள் பக்கத்தில் நின்று ஆடியவன். மற்ற ஊர்களில் பைக்குள் மணலோ பிளாஸ்டிக் மணியோ போடுவார்கள். ஜீவா போட்டது கிளிஞ்சல் துகள். முட்டை ஓடு கெட்டியாக இருக்கட்டும் என்று தீவனத்தோடு கோழிக்குக் கொடுக்கிற அதே கிளிஞ்சல். அதைப் போட்ட பை காலில் விழுந்தால் துள்ளாது, பொத்தென்று உட்காரும். கோழி வீட்டுப் பிள்ளைக்குத்தான் அந்த யோசனை வரும். ஒவ்வொரு பையையும் ஒவ்வொரு நிறத் துணியில் தைத்து, முந்தின நாள் சாயங்காலம் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டிருந்தான். நாளைக்குக் காலையில் முதல் ஆளாக வந்துவிடுகிறேன் என்றும் சொல்லியிருந்தான்.

அவனைத் தவிர எல்லாரும் வந்தார்கள்.

ஊதா நிறத் தொட்டித் தண்ணீரில் கால் நனைத்து, சிரித்து, ஒருவரையொருவர் தள்ளிவிட்டுக்கொண்டு வந்தார்கள். பந்தல்காலில் பிரியா ஒரு அட்டையைக் கட்டியிருந்தாள். அதில் இரண்டே விதி. ஆட்டத்தைத் தொடங்குகிறவர் முதல் பையைத் தனக்கே போட்டுக்கொள்ளக் கூடாது, அடுத்தவருக்குத்தான் கொடுக்க வேண்டும். பை தவறினால் 'சாரி' சொல்லக் கூடாது. எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். உலகம் முழுக்க ஃபுட்பேக் ஆடுகிறவர்கள் வைத்திருக்கிற விதி அது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தால் ஆட்டம் எங்கே நடக்கும்?

ஆட்டம் சூடு பிடித்தது. அம்மாபேட்டை தீபிகா பையைப் புறங்காலில் வாங்கிக் குழந்தையைத் தூங்கவைக்கிற மாதிரி நிறுத்திக் காட்டினாள். ஆத்தூர் ஈஸ்வருக்கு நிறுத்துவதில் நாட்டமில்லை, உயரத்தில்தான் நாட்டம்.

"ஏப்பா, அது பை. ராக்கெட்டு இல்ல. வட்டத்துக்குள்ள குடு" என்றாள் தீபிகா.

"மேல போனாத்தான அழகு."

"உன் அழகை நாங்கதான பொறுக்கியாரணும்."

சொல்லி வாய் மூடவில்லை, அவன் அடித்த மஞ்சள் பை வேலியைத் தாண்டிப் போயிற்று. வெக்கைக்காக முதல் கொட்டகையின் சாக்குப் படுதாவைச் சுருட்டிவிட்டிருந்தார்கள். பை கூரைக்குக் கீழே நுழைந்து எங்கோ விழுந்தது. எல்லாரும் ஓவென்றார்கள்.

உள்கேட்டைத் தாண்ட உரிமை பிரியாவுக்கு மட்டும்தான். செருப்பை மாற்றி, காலை நனைத்து உள்ளே போனாள். பை தீவனத் தொட்டியின் விளிம்புக் கம்பியில் கிழிந்து கிடந்தது. கிளிஞ்சல் தொட்டிக்குள் சிதறியிருந்தது. அந்த வரிசைக் கோழிகள் கூண்டுக்கு வெளியே கழுத்தை நீட்டி, டொக்டொக்கென்று அதைப் பொறுக்கிக்கொண்டிருந்தன.

கொட்டகை வேலை பார்க்கிற குப்பாயி விளக்குமாற்றோடு நின்று சிரித்தாள். "ஏனுங் அம்மிணி, உங்க ஆட்டத்துல எங்க கோழியையும் சேத்துட்டீங்களா?"

"திங்கட்டும் குப்பாயக்கா. கிளிஞ்சல்தான். தெனமும் திங்கறதுதான" என்று பிரியாவும் சிரித்தாள். கிழிந்த துணியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவள் ஃபோன் அடித்தது. ஜீவா.

"எங்கடா இருக்கற? எல்லாரும் உன்னையத்தான் கேக்கறாங்க."

"ரோட்டுல. புளியமரத்துக்கிட்ட."

"உள்ள வரவேண்டீதுதான."

"வரமாட்டேன் பிரியா. நீயும் கேட்டத் தாண்டி வந்துராத. அங்கிருந்தே கேளு."

பிரியா வெளிகேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பைக்கை நிறுத்திவிட்டு நின்றிருந்தான். குளித்த தலை சீவாமல் கிடந்தது. காலில் செருப்பு இல்லை. சித்திரை வெயிலில் தார் ரோட்டோரம் வெறுங்காலோடு ஒருவன் நிற்கிறான் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று கோழிப் பண்ணையில் பிறந்தவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சீக்கு காலோடு வந்துவிடக் கூடாது என்று குளித்து, செருப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறான்.

"கொஞ்ச நாளா அங்கொண்ணு இங்கொண்ணு செத்துட்டிருந்துச்சு. வெயிலுக்குன்னு நெனச்சோம். காத்தால டாக்டர் வந்து ஒண்ணை அறுத்துப் பாத்தாரு. இரைப்பையெல்லாம் ரத்தப்புள்ளி. வெள்ளைக்கழிச்சல்னு சொல்லிப்போட்டாரு."

வெள்ளைக்கழிச்சல் என்பது நுழைந்தால் ஒரு பண்ணையையே காலி செய்துவிடுகிற கோழிச் சீக்கு.

"பையில போட்டனே, கிளிஞ்சல். அது கொட்டகைக்குள்ள இருந்த மூட்டை. கூண்ட விட்டு வந்த கோழியெல்லாம் அது மேலதான் ஏறி உக்காந்திருக்கும். பையெல்லாம் எடுத்து எரிச்சுப்போடு. கோழிகிட்ட மட்டும் போகாமப் பாத்துக்க." அவன் குரல் இறங்கிப் போயிற்று. "எங்கப்பாவுக்குத் தெரியாம வந்திருக்கேன். எங்க பண்ணை பேரு வெளிய போச்சுன்னா அப்புறம் ஒரு வண்டி முட்டை எடுக்க வராது. யாருகிட்டயும் சொல்லாத பிரியா."

ஃபோன் காதில் இருக்க, அவளுக்கு அந்த டொக்டொக் சத்தம் மட்டும் கேட்டது. கழுத்தை நீட்டி நீட்டிப் பொறுக்கிய சத்தம். 'திங்கட்டும்' என்று தானே சொன்னது.

பயம் வந்தால் மனசு எப்படியெல்லாம் வழக்காடும் தெரியுமா? கொஞ்சம்தானே தின்றன என்றது. தடுப்பூசி போட்ட கோழிகள்தானே என்றது. ஜீவா வீட்டுக் கோழிகளுக்கும் தடுப்பூசி போட்டுத்தானே இருந்தார்கள் என்று அதுவே பதிலும் சொன்னது. இன்றைக்குப் பேசாமல் இருந்துவிட்டால் ஆட்டம் நல்லபடியாக முடியும். ஜீவாவின் பண்ணைப் பெயர் காப்பாற்றப்படும். அப்பா முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. வந்தால் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் வெள்ளைக்கழிச்சல் வந்த பிறகு பார்ப்பதற்கு என்ன இருக்கும்? ஒரு வரிசையில் நுழைந்தால் கொட்டகை, ஒரு கொட்டகையில் நுழைந்தால் பண்ணை. அந்தக் கோழிகளைத் தவிர அப்பாவுக்கு வேறு உலகம் இல்லை.

சின்னுசாமி காலையிலிருந்து உள்கேட்டுக்கு முன்னால் நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்திருந்தார். காவல் என்று பேர். பிரியா பக்கத்தில் போய் நின்றபோது அவர் கண் வட்டத்தில் இருந்தது. செருப்புக்குள் அவர் வலது கால் தாளம் போட்டு, வருகிற பைகளையெல்லாம் தானே வாங்கிக்கொண்டிருந்தது.

"உக்காரு. அந்த அம்மாபேட்டைப் புள்ள என்னமா நிறுத்தறா பாரு. எறங்கவே மாட்டேங்குது."

"அப்பா."

"ம்."

"முதல் கொட்டகையில பை விழுந்து கிழிஞ்சு போச்சுங்ப்பா. உள்ள இருந்த கிளிஞ்சலைக் கோழி தின்னுருச்சு."

"கிளிஞ்சல்தான?"

"வெள்ளைக்கழிச்சல் கண்ட பண்ணையிலிருந்து வந்த கிளிஞ்சலுங்ப்பா."

தாளம் போட்ட கால் நின்றது. அவர் எந்தப் பண்ணை என்று கேட்கவில்லை. தலையைத் திருப்பி ரோட்டைப் பார்த்தார். புளியமரத்தடியில் வெறுங்காலோடு நின்ற பையனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. பிரியா அடி விழப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டாள். அவர் ஒரு நாளும் அடித்தவரில்லை. ஆனாலும் மூடிக்கொண்டாள்.

"எந்த வரிசை?"

"ரோட்டுப் பக்கத்து வரிசைங்ப்பா. முன்னால தொட்டி."

"வெளிகேட்டச் சாத்து. ஒருத்தரும் போகப்படாது."

பிறகு வட்டத்தின் நடுவே போய் நின்றார். அவ்வளவு பெரிய உடம்பு, குரல் மட்டும் நடுங்கியது. அதைக் கேட்டுத்தான் பிள்ளைகளுக்குப் பயம் பிடித்தது. "சாமிகளா, பயப்படாதீங்க. மனுசனுக்கு ஒண்ணும் பண்ணாது. ஆனா உங்க காலுல, துணியில கோழிச் சீக்கு ஒட்டியிருக்கும். உங்கள்ல ஆரு ஊட்டுல கோழி இருக்குது?"

ஒரு கை உயர்ந்தது. தயங்கித் தயங்கி இன்னும் சில கைகள். மேட்டூர்ப் பையன் ஒருவன், பாட்டன் வீட்டில் சண்டைச் சேவல் வளர்க்கிறார்கள், அதுவும் கணக்கா என்று கேட்டான். அதுவும் கணக்குத்தான் என்றார் சின்னுசாமி.

அதற்கப்புறம் விளையாட்டு விழா மாதிரி இல்லை அந்த இடம். களத்தோரக் குழாயடியில் ஒருவர் பின் ஒருவராகச் சோப்புப் போட்டுக் குளித்தார்கள். சௌந்திரம் பெரிய அண்டாவை அடுப்பில் ஏற்றி எல்லார் துணியையும் கொதிக்க விட்டாள். பையன்களுக்குச் சின்னுசாமியின் வேட்டி, லுங்கி. பெண்களுக்கு அவளுடைய நைட்டி, புடவை. காலணிகளெல்லாம் மருந்துத் தண்ணீரில் ஊறின. எவருக்கும் சிரிப்பு வரவில்லை. பைகளைச் சேகரித்துக் குழியில் போட்டு எரிக்கும்போதுதான் ஒன்று குறைவதைப் பிரியா கண்டாள்.

"செவப்பும் கருப்பும் கலந்து தெச்ச பை ஒண்ணு இருந்துச்சே. எங்க?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒரு பை போதும். ஏதாவது ஒரு கொட்டகைக்குப் பக்கத்தில், ஏதாவது ஒரு குழந்தை உதைத்து விளையாட, ஒரு பை போதும்.

லுங்கியைப் பிடித்துக்கொண்டு ஈஸ்வர் முன்னால் வந்தான். தலை நிமிரவில்லை. "என் சாப்பாட்டுப் பைக்குள்ள இருக்குதுங்க. அது கால்ல நல்லா உக்காந்துச்சு. கேட்டா தரமாட்டீங்கன்னு..."

"இங்கிருந்து எங்க போறதா இருந்த?" என்று சின்னுசாமி கேட்டார்.

"ராசிபுரத்துல மாமா ஊட்டுக்குங்க. மாமாவும் கோழிப் பண்ணைதான்."

சின்னுசாமி அவனைத் திட்டவில்லை. அவன் தோளில் கை வைத்து, அந்தக் கையை எடுக்க மறந்து நின்றார்.

பைகளைத் தைத்தது யார் என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். ரோட்டில் நிற்பவனையும் எல்லாரும் பார்த்தார்கள். ஒருவரும் அந்தப் பேரை எடுக்கவில்லை. தீபிகா மட்டும் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "வந்து சொல்லிட்டாங்கல்ல. அது போதும்."

வெயில் சாய்வதற்குள் சின்னுசாமியும் குப்பாயியும் முதல் கொட்டகைக்குள் போனார்கள். அந்தத் தொட்டியில் வாய் வைத்திருக்கக்கூடிய கோழிகளையெல்லாம் கூண்டிலிருந்து எடுத்தார்கள். முட்டையிட்டுக்கொண்டிருந்த நல்ல கோழிகள். பிரியா வேலிக்கு இந்தப் பக்கம் நின்றாள். அந்தச் சத்தத்தை மட்டும் உங்களுக்குச் சொல்லமாட்டேன், கண்ணுகளா. குழியில் சுண்ணாம்பு கொட்டுகிற வரைக்கும் அவள் அங்கேயே நின்றாள். மற்ற கோழிகளுக்கு டாக்டர் சொன்னபடி, பால்பவுடர் கரைத்த தண்ணீரில் தடுப்பு மருந்து கலந்து வைத்தார்கள்.

"இனி நாம செய்யறதுக்கு ஒண்ணுமில்ல" என்றார் டாக்டர் ஃபோனில். "காதைக் குடுத்துக் கேட்டுட்டே இருங்க. சீக்குக் கோழி சத்தம் போடாது."

அதற்கப்புறம் வந்த நாட்கள்தான் கொடுமை. வீட்டில் பேச்சு நின்றுபோனது. சௌந்திரம் சோற்றை வைத்துவிட்டுப் போவாள். சின்னுசாமி பாதியில் எழுந்து கொட்டகைக்குப் போவார். பிரியாவை அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட அவளுக்கு மூச்சு வந்திருக்கும். காலையில் கண் விழித்ததும் படுக்கையிலேயே அசையாமல் கிடந்து காதை நீட்டுவாள். ஆயிரக்கணக்கான கோழிகள் ஒன்றாகப் போடுகிற அந்த இரைச்சல், பிறந்ததிலிருந்து கேட்டுக் கேட்டு அவள் காதுக்கு இல்லாமலே போயிருந்த இரைச்சல், கேட்கும். அப்புறம்தான் எழுந்திருப்பாள்.

ஒரு நாள் காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, அது நின்றது.

மெல்லக் குறையவில்லை. கத்தரித்த மாதிரி நின்றது. முதல் கொட்டகை, அப்புறம் அடுத்தது, அப்புறம் கடைசி. காற்று மட்டும் வீசியது. பிரியா வாய் நுரையைத் துப்பாமல் ஓடினாள். உள்கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூண்டுகளுக்கு நடுவே குப்பாயி அசையாமல் நிற்பது தெரிந்தது. கோழிகள் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு ஒட்டி ஒட்டி உட்கார்ந்திருந்தன.

"குப்பாயக்கா" என்று கூப்பிட நினைத்தாள். பின்னால் அப்பா வந்து நின்றது அவர் மூச்சில் தெரிந்தது. அவர் கை அவள் கைக்குப் பக்கத்தில் அதே கம்பியைப் பிடித்தது.

குப்பாயி மெதுவாகத் திரும்பி, ஒரு விரலை மேலே காட்டினாள்.

கூரை முகட்டில் ஒரு பருந்து உட்கார்ந்திருந்தது. அதன் நிழல் கொட்டகைகளின் மேல் சுற்றிவிட்டு வந்திருக்க வேண்டும். அது தலையைச் சாய்த்து இவர்களைப் பார்த்தது. பிறகு சிறகை விரித்துக் கிளம்பிச் சோளக்காட்டுப் பக்கம் போயிற்று. முதலில் ஒரு கோழி கொக்கரித்தது. பிறகு ஒரு வரிசை. பிறகு மூன்று கொட்டகைகளும் ஒன்றாகக் கத்தின.

பிரியா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சின்னுசாமி அவள் தலையில் கை வைத்தார்.

"போயி வாயக் கழுவு சாமி" என்றார். அந்தச் சம்பவத்துக்கப்புறம் அவர் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது.

அவர்கள் பண்ணைக்கு ஒன்றும் வரவில்லை. மருந்து காத்ததா, எடுத்துவிட்ட வரிசை காத்ததா, யாருக்குத் தெரியும். ஈஸ்வரின் மாமா பண்ணைக்கும் வரவில்லை. ஜீவா வீட்டில் பாதிக் கோழிகளுக்கு மேல் போய்விட்டன. மூடி மறைக்க அவர்களுக்கும் முடியவில்லை. குழி தோண்டுகிற இயந்திரம் வந்தால் ஊருக்குத் தெரியாமல் இருக்குமா?

டாக்டர் இனிப் பயமில்லை என்று சொன்ன மறுநாள் சின்னுசாமி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். "கெளம்பு. பரமத்திக்குப் போயிட்டு வந்தரலாம்."

"உள்ள போக முடியாதேங்ப்பா."

"துக்கம் கேக்கறதுக்கு எதுக்கு உள்ள போகோணும்?"

ஜீவா வீட்டுப் பண்ணைக் கேட்டுக்கு முன்னால், ரோட்டிலேயே நின்றார்கள். பாதையின் அந்தக் கடைசியில், வீட்டு வாசலில் ஜீவாவின் அப்பா வந்து நின்றார். சின்னுசாமி ஃபோனை எடுத்தார். அங்கே அவரும் ஃபோனைக் காதில் வைத்தார். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, "ஏனுங்க" என்று இவர் ஆரம்பித்ததோடு சரி. அப்புறம் இரண்டு பேரும் ஃபோனைக் காதில் வைத்தபடி சும்மா நின்றார்கள்.

ஜீவா கேட்டுக்கு உள்பக்கம் கொஞ்சம் தள்ளி வந்து நின்றான். இளைத்துப் போயிருந்தான். பிரியாவைப் பார்த்ததும் அவன் வாய் திறந்தது. "சாரி பி..."

பிரியா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கையில் புதுப் பை ஒன்று வைத்திருந்தாள். சௌந்திரம் தன் பழைய ரவிக்கைத் துணியில் தைத்தது, உள்ளே புழுங்கலரிசி. அந்தப் பண்ணைக்குள் ஒரு பொருள் போகலாம். அங்கிருந்து இப்போதைக்கு ஒன்றும் வெளியே வரக் கூடாது. இரண்டு பேருக்கும் அது தெரியும். அவள் பையைக் காலில் வாங்கி, கேட்டுக்கு மேலாக அவனுக்குத் தட்டினாள்.

அவன் புறங்கால் பழக்கத்தில் நீண்டது. பை பொத்தென்று உட்கார்ந்தது. திருப்பிக் கொடுக்கக் கால் ஓங்கியது, பாதியில் நின்றது. ஒற்றைக் காலில் அவன் அப்படியே நின்றான், பையைக் கீழே விடவும் முடியாமல், திருப்பித் தரவும் முடியாமல்.

பிறகு மெதுவாக, நேர் மேலே தட்டினான். வாங்கினான். மறுபடியும் தட்டினான். பிரியா கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, அது கீழே விழுந்துவிடுமோ என்று ஒவ்வொரு தடவையும் பயந்துகொண்டே பார்த்தாள்.